பாயச டம்ளர்

பாலாற்றங்கரையில் வீடு, தென்னந்தோப்பு, சொந்தப் படகுத்துறையுடன் விற்பனைக்கு. விளம்பரத்தை முதலில் பார்த்தவன் ராகவன்தான். ஆபீஸ் பஸ்ஸில் பரணிதரனிடம் காட்டித் தொலைத்தான். இவன் லோன் போடலாமா என்று யோசிப்பதற்குள் அவன் வாங்கியே விட்டான்.

படகுத்துறையாம்! ஆறு வறண்டு வருஷக்கணக்காகிறது. மணலில்தான் படகு விட வேண்டும். இப்படிச் சொல்லிச் சொல்லியும் ராகவனுக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. கிரகப்பிரவேசத்தன்று தலைவலி என்று குவார்ட்டர்ஸிலேயே படுத்துக்கொண்டான். மனைவி ரேணுகாவையும் போகவிடவில்லை.

மறுநாள் பஸ்ஸில் பரணிதரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னாடா, அவ்ளோ தூரம் படகுல வந்துட்டு உள்ள வராமயே போயிட்ட?"

"படகுலயா? நானா?"

"வெளயாடாத. துறையிலயே உக்காந்துகினு வூட்டையே பாத்துகினு இருந்த. எவ்ளோ கூப்ட்டும் வரல. என் பொண்டாட்டி ரோகிணிதான் பாவம்னு பாயசம் கொண்டாந்து குடுத்தா."

ராகவன் சிரித்து மழுப்பினான்.

சாயங்காலம் ரேணுகா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"பரணிதரன்னு பேர் வெட்டியிருக்கு. இது எப்படிங்க நம்ம வூட்டுக்கு வந்துது?"

ராகவன் வாங்கிப் பார்த்தான். ஏலக்காய் மணத்தது. அடியில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

"நம்மளுதுதான்" என்றான். "உள்ள எடுத்து வை."