தாத்தாவின் நம்பர்

கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் நட்சத்திரத்தை யார் மாட்டுவது என்று மகனுக்கும் மகளுக்கும் குடுமிப்பிடிச் சண்டை. குழந்தையும் தெய்வமும் ஒன்று என்பது சரிதான். எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டுமே காதில் வாங்குவதில்லை.

சோபாவில் கம்பளிக்குள் சுருண்டிருந்த அப்பா, "உஷ்!" என்று கையைக் காட்டிவிட்டுப் போனில் குழைந்தார்.

"ஆமாங்க சார்... ரொம்ப மோசமா இருக்கு சார்... சரிங்க சார்."

"யாருப்பா?" என்றாள் மகள்.

"கிறிஸ்துமஸ் தாத்தா. உங்க ரெண்டு பேரையும் பத்தித்தான் விசாரிச்சார். சண்டை போடுறவங்களுக்கும் பொய் சொல்றவங்களுக்கும் பரிசே கிடையாதாம்."

வீடு கப்சிப். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, அப்பா காப்பி போடப் போனார்.

திரும்பி வந்தபோது போன் மகளின் காதில் இருந்தது.

"தாத்தா, அண்ணன்தான் முதல்ல அடிச்சான்... அப்பாவா? காலையில படம் பாத்துக்கிட்டு இருந்தார்... காய்ச்சலா? இல்லையே! இப்பத்தான் எங்களோட பனியில உருண்டு விளையாடிட்டு வந்தார்... அப்பா, தாத்தா உங்ககிட்ட பேசணுமாம்."

போனை வாங்கும்போது அப்பாவுக்கு நிஜமாகவே உடம்பு சுட்டது.

"ஹோ ஹோ ஹோ!" என்றார் மேனேஜர். "உங்க பொண்ணு தங்கம்யா. உங்களுக்கும் ஒரு பரிசு வெச்சிருக்கேன். கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆபீஸுக்கு வந்து வாங்கிக்குங்க. அன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் டியூட்டி!"