தரையில் மாட்டிய பெல்ட்

கிடங்குக் கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு உடைந்து, தனபால் சிமெண்ட் தரையில் விழுந்தான். மேஸ்திரி ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். மேலாளர் வேதமூர்த்தி அலுவலக அறைக்கு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. திரும்பும்போது கையில் சேஃப்டி பெல்ட் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அலமாரியிலேயே கிடந்தது அது. பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தார்.

“ரெண்டு கால்லயும் உணர்ச்சியே இல்ல சார்,” என்றான் தனபால்.

“பேசாம படு. வண்டி வர்றதுக்குள்ள மாட்டணும்.”

பட்டையை முதுகுக்கு அடியில் செருக அவனைப் புரட்டினார். அவன் அலறினான். மூச்சு திரும்பியதும் கேட்டான்: “எதுக்கு சார், மறுபடியும் மேல ஏத்தப் போறீங்களா?”

வேதமூர்த்தி பட்டையைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டுச் செல்போனில் படம் எடுத்தார். படத்தில் முகம் கோணலாக விழுந்திருந்ததால் இன்னொன்று எடுத்தார்.

ஆம்புலன்ஸ் அவனைப் பெல்ட்டோடு ஏற்றிக்கொண்டு போனது. தனபாலோடு வேலை செய்த ஜெபராஜ் இன்னும் கூரைமேல்தான் இருந்தான். ஓட்டை வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னய்யா வேடிக்கை? மழை வருது, ஓட்டைய மூடு,” என்றார் வேதமூர்த்தி.

“எனக்கு பெல்ட் சார்?”

“இருந்ததே ஒண்ணுதான். அவன் மாட்டிக்கிட்டுப் போயிட்டான். நாளைக்கு வாங்கிடலாம்.”

“அவசரமில்ல சார். விழுந்ததும் மாட்டிவிடுங்க.”

ஜெபராஜ் புதுத் தகட்டை ஓட்டையின்மேல் தள்ளினான். அண்ணாந்து நின்ற மேலாளரின் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.