அப்பாவுக்குத் தெரியும்

நோர்வேயில் வேட்டையாட அனுமதி தரும் பரீட்சையில் தேறிய துஷ்யாவுக்கு முதல் துப்பாக்கி வாங்க வேண்டும். எது நல்லதென்று இணையத்தில் தேடினால் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"ஏன் பிள்ளை அதுக்குள்ளை கிடந்து தேடுறாய்? அப்பாவைக் கேள். விடுதலை இயக்கத்துக்குப் போனவர் எண்டு ஊருக்கே தெரியும்," என்றாள் அம்மா.

அப்பா ஜெயரத்தினம் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. போரில் இறந்த போராளிகளை நினைக்கும் மாவீரர் நாளில் விளக்கேற்றிவிட்டு அழுவார். அடக்கமான மனிதர் என்று ஒஸ்லோத் தமிழர்கள் அவரை மதித்தார்கள்.

லில்லெஸ்ட்ரோம் நகரின் துப்பாக்கிக் கடையில் விற்பனையாளர் ஒரு துப்பாக்கியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"பிடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ அப்பா. உங்கடை சொல்லைத்தான் நம்புவன்," என்றாள் துஷ்யா.

அவர் அதை வாங்கி, குழந்தையைப் போல வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, அதைத் தோளிலை வைக்கோணும். நீங்கள் பயிற்சி எடுத்தனீங்கள்தானே?"

அவர் துப்பாக்கியை மேசையில் வைத்தார்.

"இயக்கக்காரர் வீட்டுக்கு ஒராள் வேணுமெண்டு வந்தவை. என்ரை பேரைத்தான் கூப்பிட்டவை. நான் மாட்டுக் கொட்டிலுக்குள்ளை ஒளிச்சிருந்தனான். தம்பிதான், 'நான் ஜெயரத்தினம்' எண்டு சொல்லிப்போட்டு அவையோடை போனவன்."