நாலு நாளைக்கு போனெட் திறக்கக் கூடாது

இன்னும் பத்தே நிமிடம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் வாசலில் நின்ற பழைய பட்டாளத்து டிரக்கின் முன்னால் குனிந்து, ஐயாதுரை போனெட் கொக்கியில் கம்பியைக் கோத்தான். அவசரத்தில் கட்டிங்பிளேயர் இரண்டு தடவை நழுவி விழுந்தது.

பார்க்கிறவர்கள் வண்டித் திருடன் என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும். திருடனுக்குக்கூட இவ்வளவு பயம் இருக்காது.

மதுரை ரயிலில் வேல்சாமி வந்துகொண்டிருந்தான். அமெரிக்காவில் கார் கம்பெனி இன்ஜினீயர். நாலு நாள் லீவு. இறங்கியதும் முதல் வேலையாக போனெட்டைத் திறந்து பார்க்கப் போவதாக அப்பாவுக்குக் கடிதம் போட்டிருந்தான். திறந்தால் மெக்கானிக் ஐயாதுரையின் பேர் இன்றோடு போச்சு.

எல்லாம் போன தை மாசம் வேல்சாமி அனுப்பிய பார்சலால் வந்தது. கார்பரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பூட்டுகிற சாமான். ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கணக்குப் பார்த்து இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும். 'மார்கழிக் குளிரில் வண்டி ஸ்டார்ட் ஆகச் சோக்கை இழுத்துக்கொண்டு அப்பா இனிமேல் மல்லாட வேண்டாம்' என்று எழுதியிருந்தான்.

அப்பா சீனிச்சாமி பட்டாளத்தில் டிரைவர். ரிட்டையர் ஆனபோது, தான் ஓட்டிய டிரக்கையே ஏலத்தில் எடுத்து ஊருக்கு ஓட்டி வந்தவர். பார்சலை ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து ஐயாதுரையின் ஒர்க்‌ஷாப்பில் இறக்கினார்.

"இதுக்கு உன்ன விட்டா ஆளு கெடையாதுலே."

அட்டையைப் பிரித்தபோதே லேசாகக் காந்தல் வாடை. சீமைச் சாமான், இப்படித்தான் மணக்கும்போல என்று நினைத்துக்கொண்டான் ஐயாதுரை. இரண்டு நாள் மல்லுக்கட்டி எல்லாவற்றையும் பூட்டி, கடைசியாக பேட்டரியைக் கொடுத்தான். பெட்டியில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. மற்ற வண்டிகளில் மைனஸ் கம்பி பாடிக்குப் போகும். இந்த டிரக்கில் மட்டும் பிளஸ். பெட்டிக்கு அது ஆகாது, மாற்றிக் கொடு என்று கூட வந்த புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பதினைந்து வருஷமாக இந்த வண்டியைப் பார்த்த கை, பழக்கதோஷத்தில் பிளஸ்ஸையே பாடியில் முடுக்கிவிட்டது.

பெட்டி செத்துவிட்டது. சொல்ல நாக்கு எழவில்லை. பழைய கார்பரேட்டரையே துடைத்து மாட்டி, மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டான்.

ஒரு வாரம் கழித்து, மனசு கேட்காமல், "வண்டி எப்படி ஓடுது அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"பஞ்சு மாதிரி பறக்குலே!"

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு பால்கோவாப் பொட்டலத்தோடு ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார் சீனிச்சாமி. "தின்னுலே, தின்னு. நல்லா இருப்பே" என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு வாயும் ஐயாதுரைக்குத் தொண்டையில் முள்ளாக இறங்கியது.

வலது கொக்கி முடிந்தது. இடது பக்கம் தாவினான். அதில் ஏற்கெனவே கம்பி சுற்றியிருந்தது. புத்தம்புதுக் கம்பி. ஆடுகிற போனெட்டுக்கு அண்ணாச்சி போட்ட கட்டுபோல. நல்லதாகப் போயிற்று, இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்கினால்...

"என்னலே செய்யுதே?"

பின்னால் சீனிச்சாமி. ஒரு கையில் பால்கோவாப் பொட்டலம். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

தூரத்தில் ரயில் ஊதியது. ஐயாதுரையால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தோளில் தொங்கிய பைக்குள் இருந்த செத்த பெட்டியை எடுத்து அவர் காலடியில் வைத்தான்.

"என்னய மன்னிச்சிருங்க அண்ணாச்சி. உள்ள இருக்கது பழைய கார்பரேட்டருதான். தம்பி ஆசையா அனுப்புன பெட்டிய நான் கருக்கிட்டேன். மூணு மாசமா உங்கள ஏமாத்திட்டேன்."

சீனிச்சாமி பெட்டியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"கார்பரேட்டருன்னு எனக்குத் தெரியாதாலே? பட்டாளத்துல இருபது வருசம் வண்டி ஓட்டுனவன். மொத நாள்லருந்து சோக்க இழுத்துத்தான ஸ்டார்ட் பண்ணுதேன்."

தெரிந்தே சும்மா இருந்திருக்கிறார். தெரிந்தே பால்கோவா கொடுத்திருக்கிறார். செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

"தெரிஞ்சும் ஏன் அண்ணாச்சி ஒரு வார்த்த கேக்கல? சட்டையப் புடிச்சு உலுக்கியிருக்க வேண்டாமா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுலே கேப்பேன்?"

ரயில் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. சீனிச்சாமி பிளாட்பாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். அதில் ஒரு சுருள் புதுக் கம்பி இருந்தது.

"பய வாறதுக்குள்ள இதையும் சுத்துலே. பார்சல் வந்த அன்னைக்கே ஆச பொறுக்காம, பிளஸ்ஸ பாடியில குடுத்து, அந்தப் பெட்டியக் கருக்கிட்டுத்தாம்லே உங்கிட்டக் கொண்டுவந்தேன்!"