வாசப்படி நனையாத வீடு

‘வீடு விற்பனைக்கு’ பலகையை மாட்டிய அன்றே ஆள் வந்துவிட்டதில் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

“மேட்டு வீடு சார். போன மாச வெள்ளத்துல தெருவே மிதந்துச்சு, எங்க வாசப்படி நனையல!” என்று புதுப் பெயின்ட் அடித்த சுவரைத் தட்டிக் காட்டினார்.

“மிதியடிகூட நகரலைங்க,” என்றாள் மனைவி.

வந்தவர் தலையாட்டினார். “அப்புறம் எதுக்கு வெள்ள இழப்பீடு கேட்டிருக்கீங்க? நான் இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர்.”

வீட்டுக்காரர் சுவரிலிருந்து கையை எடுத்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

“ஐயோ சார், வீடு வாங்க வந்தவர்னு நினைச்சுப் புளுகிட்டார்! கழுத்தளவு தண்ணி சார்! கட்டிலே மிதந்துச்சு, சுவரெல்லாம் ஊறிப்போச்சு!”

“நல்லவேளை, சொன்னீங்கம்மா,” என்றது வாசலில் ஒரு குரல்.

நிஜமாகவே வீடு பார்க்க வந்தவர், கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தார்.