முன்பல் ரெண்டு

“பல்லுக்கு மேல வெள்ளை ஓடு ஒட்டப் போறியாமே? இந்த வயசுலயா?”

தினேஸ்வரி கேட்டாள். நவமணி காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். முகத்தில் மாஸ்க். ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலை வேலைக்காகப் போட ஆரம்பித்தது. இப்போது கடைக்குப் போனாலும் அவள் அதைக் கழற்றுவதில்லை.

நவமணி, தினேஸ்வரியின் தம்பி மனைவி. தம்பி கோகிலன் மாரடைப்பில் போய் இன்னும் வருடம் திரும்பவில்லை.

“அதுக்குப் பேரு வெனீர்க்கா. தீபன்தான் கிளினிக்ல பேசி நாள் வாங்குனான்.”

“ஒம் மகனுக்கென்ன, சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு ‘அத்தை, அம்மாவ கூட்டிட்டுப் போங்க’ன்னு போன் போட்டுட்டான். நம்ம சிலிபின் பக்கம் நாலு பேரு என்னைத்தானே கேப்பாங்க? தாலியக் கழட்டி ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள யாருக்குக் காட்ட இந்தச் சிங்காரம்? மாலுவா, வெக்கமா இருக்குலா எனக்கு. கோயில்ல எப்படித் தலை நிமிந்து நிப்பேன்?”

“யாருக்கும் காட்ட இல்லக்கா. சிரிக்கணும்போல இருக்கு.”

“எந் தம்பி செத்ததுக்கப்புறம் சிரிப்பு வருதோ ஒனக்கு? இருந்த வரைக்கும் அவன் ஒனக்கு என்ன குறை வச்சான்?”

நவமணி மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார் கிளினிக் வாசலில் நின்றது.

அங்கே தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று தினேஸ்வரி மூலை நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். நல்ல வேளை, இரண்டு சீனக் கிழவர்களைத் தவிர யாரும் இல்லை.

நவமணியைக் கூப்பிட்டார்கள்.

“நீங்க இங்கயே இருங்கக்கா.”

“ஏன், நான் பாக்கக் கூடாதா? அப்படி என்னதான் பண்றாங்கன்னு பாக்குறேன்.”

வீம்புக்குத்தான் கூடவே உள்ளே போனாள்.

பல் டாக்டர் துளசி சின்னப் பெண்தான். நவமணியைச் சாய்ந்து படுக்கச் சொல்லி விளக்கைப் போட்டார். மாஸ்க் இறங்கியது. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் குறுக்கே உடைந்திருந்தன. ஒன்று கறுத்துப் போயிருந்தது.

தினேஸ்வரி சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள்.

“இது தானா தேஞ்ச பல்லு இல்லம்மா. பலமா அடி விழுந்திருக்கு. எக்ஸ்ரே எடுத்து வேரு எப்படி இருக்குன்னு பாத்துட்டுத்தான் வெனீர் போடலாமான்னு சொல்ல முடியும். எப்ப ஆச்சு இது?”

“இருபது வருசம் இருக்கும்.”

“எப்படி?”

நவமணி தலையைத் திருப்பித் தினேஸ்வரியைப் பார்த்தாள். பயப்படாதீங்க என்று சொல்வதுபோல ஒரு பார்வை.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்.”

டாக்டர் கணினிப் பக்கம் திரும்பித் தட்ட ஆரம்பித்தார்.

தினேஸ்வரிக்குக் காது மடல் வரை சுட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டிருக்க வேண்டும். விட முடியவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். காரில் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

“அத எழுதாதீங்க டாக்டர்.”

டாக்டரின் கை நின்றது.

“அக்கா, வேணாம். விடுங்க,” என்று நவமணி எழப் பார்த்தாள்.

தினேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எந் தம்பி ஹெல்மெட்டால அடிச்சது. அன்னைக்கு ஆஸ்பத்திரியில இப்படிச் சொல்லுன்னு இவளுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்.”