பின்னலில் தாழம்பூ

ராஜகோபுரத்துக்கு எதிரே, வெயிலில் கொதிக்கும் கல்லின்மேல் கற்பூரம் எரிகிறது. "கெணத்து நெலம் எனக்குத்தான்னு அப்பா சொன்னத இவ காதால கேட்டா" என்று பிரசாத் தன் மனைவி ரேவதியை முன்னே தள்ளுகிறான். அவள் கற்பூரத்தை அடித்து அணைத்துவிட்டால் சத்தியம் முடிந்தது. கையை ஓங்குகிறாள். பிரசாத்தின் அண்ணன் தருமனுடைய பார்வை அவள் பின்னலில் நிற்கிறது. "இன்னாம்மா, தாழம்பூவா வச்சிக்கினு வந்த? அடிமுடி தேடின கதையில பிரம்மாவுக்குப் பொய்சாட்சி சொன்ன பூவாச்சே, இந்தச் சாமிக்கு ஆவாதே." ஓங்கிய கையில் வளையல்கள் சத்தமில்லாமல் நிற்கின்றன. பிறகு அந்தக் கை மெல்லப் பின்னலுக்குப் போய் மடல்களை உருவுகிறது. "இந்தப் பூவும் நீங்க குடுத்ததுதான்" என்று கணவனின் உள்ளங்கையில் வைத்துவிட்டு விலகுகிறாள். யாரும் அடிக்காத கற்பூரம் தானே எரிந்து அடங்குகிறது.